யாழ்ப்பாணம் யாருக்கு வாக்குப் போடுகிறது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பருக்குப் பிறகு கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: "யாழ்ப்பாணம் மாறிப்போச்சுதா?" சிலர் கவலையோடு கேட்கிறார்கள், சிலர் கோபத்தோடு, ஒரு சிலர் சந்தோஷத்தோடு. ஊருக்குள்ளும் இதே கதைதான். இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எண்களையும் பழைய தேர்தல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. அதைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

2024 நவம்பரில் சரியாக என்ன நடந்தது?

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ். நிர்வாக மாவட்டமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. அதற்கு இம்முறை 6 ஆசனங்கள். நவம்பர் 14ஆம் திகதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு முதலிடம் பிடித்து 3 ஆசனங்களை எடுத்தது. வீட்டுச் சின்னத்தில் தனித்து நின்ற இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகள், 1 ஆசனம். சைக்கிள் சின்னத் தமிழ்க் காங்கிரசுக்கு 27,986 வாக்குகள், 1 ஆசனம். ஊசிச் சின்னத்தில் நின்ற 17ஆம் இலக்க சுயேச்சைக் குழுவுக்கு 27,855 வாக்குகள், 1 ஆசனம். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரத்தில் பேஸ்புக் நேரலைகளால் சனத்துக்கு அறிமுகமான மருத்துவர் அர்ச்சுனாவின் குழு அது.

தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் தோற்றார். 1994 முதல் விடாமல் நாடாளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தாவும் தோற்றார். தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பின் இதுதான் முதல் தடவை.

நாலில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம் எப்படிக் கிடைத்தது?

பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

செல்லுபடியான வாக்குகள் 325,312. அதில் 5 வீதம் எடுக்காத கட்சிகளும் குழுக்களும் முதலிலேயே கழிந்துவிடும். 6 தரப்புகள்தான் அந்தக் கோட்டைத் தாண்டின: திசைகாட்டி, வீடு, சைக்கிள், ஊசி, தமிழரசின் பழைய கூட்டாளிகள் நின்ற சங்கு (22,513), டக்ளஸின் ஈ.பி.டி.பி. கட்சியின் வீணை (17,730). இந்த ஆறையும் கூட்டினால் 240,241. ஆக, 85 ஆயிரம் நல்ல வாக்குகள் கணக்கிலேயே வரவில்லை. முதலிடம் வந்த கட்சி எடுத்த வாக்குகளை விட இது அதிகம் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்த படி. 6 ஆசனத்தில் ஒன்று முதலிடத்துக்குப் போனஸ். மிச்சம் 5. 240,241ஐ 5ஆல் பிரித்து, பின்னத்தை மேலே முழு எண்ணாக்கினால் ஓர் ஆசனத்தின் விலை 48,049 வாக்குகள். திசைகாட்டி அந்த விலைக்கு ஓர் ஆசனம் எடுத்தபின் மீதி 32,781. வீடு ஓர் ஆசனம் எடுத்தபின் மீதி 15,278. இன்னும் 3 ஆசனங்கள் இருக்கின்றன. அவை பெரிய மீதி வைத்திருப்பவர்களுக்குப் போகும். திசைகாட்டியின் 32,781, சைக்கிளின் 27,986, ஊசியின் 27,855 என்பவைதான் அந்த வரிசை. போனஸோடு சேர்த்துத் திசைகாட்டிக்கு 3 வந்தது இப்படித்தான்.

தமிழ்க் கட்சிகள் ஒன்றாக நின்றிருந்தால் எல்லாம் கிடைத்திருக்குமே?

கிடைத்திருக்காது. வீடு, சைக்கிள், சங்கு மூன்றையும் கூட்டினால் 113,826 வாக்குகள். முதலிடம் நிச்சயம், போனஸும் நிச்சயம். மேலே போட்ட அதே கணக்கை மறுபடி போடுங்கள்: நேராக 2 ஆசனம், போனஸ் 1, மீதி 17,728. அந்த மீதி திசைகாட்டியின் 32,781க்கும் ஊசியின் 27,855க்கும் பின்னால்தான் நிற்கும். முடிவு: தமிழ்த் தேசியக் கூட்டுக்கு 3, திசைகாட்டிக்கு 2, ஊசிக்கு 1.

மூன்றும் தனித்தனியே நின்று எடுத்தது 2. சேர்ந்து நின்றிருந்தால் 3. ஓர் ஆசனம்தான் வித்தியாசம். பிரிவினை ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. பிரிந்து நின்றதைப் பார்த்தே மனம் வெறுத்துத் திசைகாட்டிக்கோ ஊசிக்கோ போட்டவர்களும் நிறையப் பேர். அது உண்மையான இழப்பு. ஆனால் "ஒன்றாக நின்றிருந்தால் பழையபடி வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், சனம் ஏன் விலகியது என்ற கேள்விக்கே போக மாட்டோம்.

யாழ்ப்பாணம் முன்பெல்லாம் ஒரே கட்சிக்குத்தானே வாக்களித்தது?

இல்லை. ஒரே கட்சிக்கு அள்ளிக் கொடுத்த தேர்தல்கள் இருக்கின்றன. அவை விதியல்ல. ஏதோ ஒன்று சனத்தை ஒன்றாகத் தள்ளிய நேரங்கள் அவை.

1947இல் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ்தான் வடக்கின் கட்சி. அவர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசில் சேர்ந்ததும், மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதும் கட்சியை உடைத்தன. 1949 டிசெம்பரில் தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். உடனே சனம் அவர் பின்னால் போகவில்லை. 1952இல் காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசபிள்ளை. யானைச் சின்னக் கட்சி செல்வாவைக் காங்கேசன்துறையிலேயே வென்றது என்று இன்றைய பெடியளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1956இல் தனிச் சிங்களம் தேர்தல் மேடையில் ஏறியபிறகு படம் மாறியது. தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் 10 ஆசனம் எடுத்தது. அந்த அலையிலும் யாழ்ப்பாணத் தொகுதி பொன்னம்பலத்தோடு நின்றது. பருத்தித்துறை கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை அனுப்பியது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 1970. அந்த ஒரே தேர்தலில் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தோற்றார். நல்லூரில் நாகநாதன் தோற்றார். யாழ்ப்பாணத்தில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் தோற்றார். உடுப்பிட்டியில் சிவசிதம்பரம் தோற்றார். இரண்டு கட்சிகளின் பெரிய தலைகளையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய சனம் இது. 2020இல் தமிழரசுத் தலைவர் மாவை சேனாதிராசா தோற்றபோதும் 2024இல் சுமந்திரன் தோற்றபோதும் "இப்படி நடந்ததே இல்லை" என்று பேசினார்கள். நடந்திருக்கிறது.

அப்புறம் வந்தது 1972 அரசியலமைப்பு, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல். செல்வநாயகம் பதவி விலகி, இரண்டு ஆண்டுக்கு மேல் இழுபட்ட காங்கேசன்துறை இடைத்தேர்தலில் 1975 பெப்ரவரியில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். 1976 மே மாதம் பண்ணாகத்தில் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம், குடாநாட்டில் அத்தனையும் உதயசூரியன். 1970க்கும் 1977க்கும் இடையில் ஏழு ஆண்டுதான். சனம் மாறவில்லை, கொழும்பு செய்தது சனத்தை ஒன்றாக்கியது.

பொருளாதாரத்தைப் பார்த்து வாக்களிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதா?

1982 ஜனாதிபதித் தேர்தலைப் பலர் மறந்துவிட்டார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை, ஒதுங்கி இருக்கச் சொன்னது. வாக்காளர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் போய் வாக்களித்தார்கள். யாழ். மாவட்டத்தில் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் முதலிடம், சுமார் 40 வீதம். இரண்டாமிடம் யார் தெரியுமா? சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. 77 ஆயிரம் வாக்கு, 35 வீதத்துக்கும் மேல். ஜே.ஆர். ஜயவர்த்தன மூன்றாவது.

தரப்படுத்தலைக் கொண்டுவந்த, தமிழரின் எதிர்ப்பை மீறி 1972 அரசியலமைப்பை நிறைவேற்றிய அரசின் கட்சி அது. கொப்பேகடுவ அந்த அரசின் விவசாய அமைச்சர். அப்படியிருந்தும் இத்தனை வாக்கு ஏன்? வெங்காயமும் மிளகாயும்தான் பதில். 1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் விளைந்த சின்ன வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் கொழும்பில் நல்ல விலை. தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள், நீர் இறைக்கும் மிசின் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977இல் வந்த திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதிச் சரக்கு வந்து விழுந்தது, விலை படுத்தது. இறைத்து இறைத்துக் கை காய்த்த சனம் அதை ஐந்து வருடத்தில் மறக்கவில்லை.

அதே ஆண்டு டிசெம்பரில் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கும் சர்வஜன வாக்கெடுப்பு வந்தது. வேண்டும் என்பவர்களுக்கு விளக்கு, வேண்டாம் என்பவர்களுக்குக் குடம். யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் 10இல் 9 பேர் குடத்துக்குப் போட்டார்கள். ஒரே சனம், இரண்டு மாத இடைவெளியில், ஒரு வாக்குச்சீட்டில் தோட்டத்தை நினைத்தும் இன்னொன்றில் உரிமையை நினைத்தும் போட்டது. இரண்டும் சேர்ந்ததுதான் யாழ்ப்பாண வாக்காளர். இதை விளங்கிக்கொண்டால் 2024 அவ்வளவு புதிராகத் தெரியாது.

யுத்தகாலத் தேர்தல் முடிவுகளை வைத்து ஒப்பிடலாமா?

பெரும்பாலும் கூடாது. 1994இல் யாழ். மாவட்டத்தில் 10 ஆசனங்கள். அதில் 9ஐ ஈ.பி.டி.பி. சுயேச்சைக் குழு எடுத்தது. பெற்ற வாக்குகள் வெறும் 10 ஆயிரத்துச் சொச்சம். குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கையில் இருந்தது. வாக்குப் பெட்டி போன இடமே தீவகம் போன்ற சில பகுதிகள்தான்.

2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகள் விதித்த புறக்கணிப்பில் வாக்களிப்பு 1.2 வீதம். நாடு முழுவதும் மகிந்த ராஜபக்ச வென்ற வித்தியாசம் 2 லட்சத்துக்கும் குறைவு. வடக்கு வாக்களித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கிறது.

2004இல் தமிழரசுக் கட்சியும் வேறு தமிழ்க் கட்சிகளும் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 9இல் 8 ஆசனம் எடுத்ததையும் அந்தக் காலச் சூழலோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆதரவு இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதிர்த்து நிற்பவர் பயமில்லாமல் ஊருக்குள் பிரசாரம் செய்யக்கூடிய தேர்தலாக அது இருக்கவில்லை.

கூட்டமைப்பின் சரிவு எங்கே தொடங்கியது?

யுத்தம் முடிந்த பின் அதன் உச்சம் 2013 செப்டம்பர் மாகாண சபைத் தேர்தல். 38இல் 30 ஆசனம். முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு மட்டும் 1 லட்சத்து 32 ஆயிரம் விருப்பு வாக்கு. வாக்குச்சாவடிக்கு வந்த சனத்தின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் தேர்தலாகத் தெரியவில்லை. இராணுவம் சுற்றி நிற்க, 'நாங்கள் இன்னும் இருக்கிறோம்' என்று சொன்ன நாள் அது.

2015இல் கூட்டமைப்புக்கு 207,577 வாக்கு, 7இல் 5 ஆசனம். 2020இல் 112,967 வாக்கு, 3 ஆசனம். 2024இல் வீடு தனித்து எடுத்தது 63,327. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதி. 2024 எண்ணில் பழைய கூட்டாளிகள் இல்லை, 2023 ஜனவரியில் கூட்டு உடைந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நடுவில் என்ன நடந்தது? 2015இல் வந்த நல்லாட்சி அரசுக்குக் கூட்டமைப்பு முட்டுக்கொடுத்தது. புதிய அரசியலமைப்பு வரும் என்றார்கள், வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இல் தெருவோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. மாகாண சபைக்குள் முதலமைச்சருக்கும் கட்சிக்கும் சண்டை. பிறகு விக்னேஸ்வரன் தனிக்கட்சி. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ். மாநகர சபையின் 45 ஆசனத்தில் வீட்டுக்கு 16, சைக்கிளுக்கு 13, வீணைக்கு 10. மணி அடித்தது அங்கேதான். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. சிறீதரன் வென்றார், சுமந்திரன் தோற்றார். முறையான கட்சி ஒன்றுக்கு அது நல்ல தொடக்கமாக இருந்திருக்கலாம். சில வாரத்தில் விடயம் நீதிமன்றம் போனது. எழுபது ஆண்டு பழைய கட்சி தன் தலைவரைத் தானே அமர்த்த முடியாமல் வழக்குக்கு அலைந்ததைச் சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஏக்கத்தோடு பார்த்தவர்கள் பலர், நானும் அதில் ஒருவன்.

ஜனாதிபதித் தேர்தலில் ஏன் எப்போதும் வேறு மாதிரி முடிவு வருகிறது?

அந்த வாக்குச்சீட்டில் யாரைக் கொண்டுவருவது என்பதை விட யாரைத் தடுப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 2010இல் யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் 63 வீதத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். அன்பினால் போட்ட வாக்கல்ல அது. நாலில் மூன்று பங்கு வாக்காளர் வரவேயில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015இல் மைத்திரிபாலவுக்கு 74 வீதம். 2019இல் சஜித்துக்கு 83 வீதத்துக்கும் மேல். ராஜபக்ச பக்கத்துக்கு எதிரான வாக்கு ஒவ்வொரு தடவையும் ஏறியது.

2024 செப்டம்பரில் ராஜபக்ச என்ற பயம் இல்லாமற் போனது. உடனே வாக்கு நாலாகப் பிரிந்தது. சஜித் 121,177, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அநுரகுமார 27,086. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கச் சொன்னது. கட்சிக்குள்ளேயே ஒரு பகுதி சங்குக்கு நின்றது.

கவனியுங்கள்: அநுரவுக்கு 27 ஆயிரம் போட்ட மாவட்டம் எட்டு வாரத்துக்குள் அவர் கட்சிக்கு 80 ஆயிரம் போட்டது. செப்டம்பரில் அநுரவைத் தெரியாது என்று நவம்பரில் தெரிந்துகொண்டதாக இதை வாசிக்க முடியாது. வென்றவரோடு சேர்ந்து நின்றால் ஏதாவது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. 34 ஆண்டு மூடிக்கிடந்த பலாலி–அச்சுவேலி வீதி நவம்பர் 1ஆம் திகதி திறந்தது இன்னொன்று. காணியை இழந்து நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் ஒரு தலைமுறையைக் கழித்த வலி. வடக்குச் சனத்துக்கு அந்த ஒரு வீதி எத்தனை மேடைப் பேச்சுக்குச் சமம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

ஜே.வி.பி.யின் பழைய நிலைப்பாடு தெரிந்தும் எப்படிப் போட்டார்கள்?

வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் போனது ஜே.வி.பி.தான். 2006 ஒக்டோபரில் தீர்ப்பு வந்தது, இணைப்பு போனது. சமாதானப் பேச்சையும், புலிகளோடு சேர்ந்து சுனாமி நிவாரணத்தைப் பங்கிடும் பொதுக்கட்டமைப்பையும் எதிர்த்ததும் அவர்கள்தான். இதை மறந்துவிட்டுப் போட்டார்கள் என்று சொல்வது வயதானவர்களைப் பொறுத்தவரை சரியில்லை. மறக்கவில்லை, ஒரு பக்கம் வைத்தார்கள்.

இளையவர்களின் கதை வேறு. 2006இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை 2024இல் முதல் வாக்குப் போடுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது 2022 எரிபொருள் வரிசை, பட்டம் முடித்தும் வேலை இல்லாத அண்ணன், வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டும் வீடு, இவற்றோடு தமிழ்த் தலைவர்கள் ஒருவரையொருவர் திட்டும் யூடியூப் வீடியோ. இவற்றுக்குள் ஊழல் இல்லாத ஆட்சி என்று ஒருவர் வந்து சொன்னால் காது கொடுக்கும். அந்தப் பிள்ளைக்கு 2006 தீர்ப்பைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. சொல்லாமல் விட்டுவிட்டுத் 'துரோகி' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குடாநாடு முழுவதும் ஒரே மாதிரியா வாக்களிக்கிறது?

ஒருபோதும் இல்லை. மாவட்டத்தில் 11 தேர்தல் தொகுதிகள். 2024இலும் கிளிநொச்சி வீட்டோடுதான் நின்றது. சிறீதரன் அங்கே ஊர் ஊராகக் கட்டிய தொடர்பு அது. தீவகத்தில் வீணைக்கு நீண்டகாலக் கை உண்டு. யுத்தகாலத்தில் அங்கே நிர்வாகமும் நிவாரணமும் வேலையும் அந்தக் கட்சி ஊடாகவே போனதன் பலன். நகரத்தில் சைக்கிளுக்குப் படித்த இளையோர் பக்கம் ஓர் இறுகிய ஆதரவு இருக்கிறது.

சாதியைப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1956இல் பருத்தித்துறை ஒரு கம்யூனிஸ்டை அனுப்பியதிலும், 1975இல் செல்வநாயகத்துக்கு எதிராக நின்ற கம்யூனிஸ்ட் வி. பொன்னம்பலம் 9 ஆயிரத்துக்கும் மேல் எடுத்ததிலும் ஒடுக்கப்பட்ட சனத்தின் வாக்குக்குப் பங்கு உண்டு. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம்.சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன உறுப்பினராக நாடாளுமன்றம் போனது கொழும்பு அரசின் கையால்தான். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக அடிபட்டவர்களுக்கு, தமிழ்த் தேசியம் பேசியவர்கள் எல்லோரும் துணை நிற்கவில்லை. அந்த நினைவு குடும்பங்களுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இடதுசாரிக்கோ தெற்கின் கட்சிக்கோ போடும் வாக்கை 'விலைபோன வாக்கு' என்று சொல்பவர்கள் அதே ஊரின் வேட்பாளர் பட்டியல்களில் யார் யார் பெயர் காலங்காலமாக வரவில்லை என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

முஸ்லிம்களையும் விட்டுவிட முடியாது. 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ். முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சோனகதெருவில் மீளக் குடியேறியவர்கள் சிறு தொகை. அவர்களின் வாக்கு எங்கே பதிவு, யார் அவர்களுக்காகப் பேசுகிறார்கள் என்பது இன்னும் தீராத விடயம்.

அப்படியென்றால் 2024இல் சனம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டதா?

ஆறு மாதத்தில் பதில் வந்தது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் வீடு முதலிடம். யாழ். மாநகர சபையில் வீடு 13, சைக்கிள் 12, திசைகாட்டி 10.

இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். மார்ச் மாத இறுதியில் வடக்கின் கரையோரக் காணிகள் பற்றிய வர்த்தமானி வந்தது. கிட்டத்தட்ட 6 ஆயிரம் ஏக்கர். உரிமையை மூன்று மாதத்துக்குள் நிரூபிக்காவிட்டால் அரச காணி என்று அறிவிக்கலாம் என்ற மாதிரியான அறிவித்தல். வெளிநாட்டில் இருப்பவன் உறுதியோடு எப்படி வந்து நிற்பது? இடம்பெயர்ந்த போது உறுதியே எரிந்துபோனவன் என்ன செய்வது? தையிட்டியில் தனியார் காணியில் கட்டிய விகாரைப் பிரச்சினையும் தீரவில்லை. திசைகாட்டிக்குப் போட்ட வீடுகளிலேயே இந்தக் கேள்விகள் எழுந்தன.

என் கருத்து இதுதான்: யாழ்ப்பாணத்தார் ஒரு கோரிக்கையோடு நிற்கிறார்கள், கட்சியோடு அல்ல. காணி, கௌரவம், தன் ஊரைத் தான் ஆளும் அதிகாரம். இதை யார் சுமப்பார் என்று நம்புகிறார்களோ அவருக்குக் கொடுப்பார்கள். சுமக்கவில்லை என்று கண்டால் எடுத்துவிடுவார்கள். 1970இல் எடுத்தார்கள், 1977இல் கொடுத்தார்கள், 2013இல் கொடுத்தார்கள், 2024இல் எடுத்தார்கள். 2025இல் திருப்பிக் கொடுத்தது முழு நம்பிக்கையோடு கொடுத்ததல்ல. பல சபைகளில் தனிப் பெரும்பான்மை இல்லாமல்தான் வீடு வென்றது. ஆட்சியமைக்க ஈ.பி.டி.பி.யிடம் ஆதரவு கேட்டுத் தமிழரசுக் கட்சித் தலைமை போனதும், காலமெல்லாம் யாரை எதிர்த்து வாக்குக் கேட்டீர்கள் என்று சொந்த ஆதரவாளர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆசனங்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன?

1989இல் 11, 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. ஆசனம் வாக்காளர் இடாப்பைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது. யுத்தம், இடப்பெயர்வு, வெளிநாடு, குறைந்த பிறப்பு எல்லாம் சேர்ந்து வந்த விளைவு. இங்கேயே இருந்தும் பதியாமல் இருப்பவர்கள் தங்கள் பகுதி கிராம அலுவலரிடம் போய்ப் பதிய வேண்டும். 18 வயதான பிள்ளையின் பெயர் சேர்ந்ததா என்று வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை வாக்குகள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன?

2024 நவம்பரில் யாழ். மாவட்டத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாமற் போயின. ஓர் ஆசனத்தைக் கொடுத்த சைக்கிளின் மொத்த வாக்கை விட இது கூட. காரணம் வாக்குச்சீட்டைப் பார்த்தால் தெரியும். 6 ஆசனத்துக்கு 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள், 396 வேட்பாளர்கள். 44 சின்னங்கள் வரிசையாக இறங்கும் அந்தத் தாளில், கண் மங்கிய அம்மா ஒருவர் தன் சின்னத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்துப் பெட்டிக்குள் புள்ளடி போட்டு, பிறகு கீழே விருப்பு இலக்கங்களுக்கும் போட வேண்டும். செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 என்று எழுதிய பழக்கம் வேறு. கட்சிக்குப் போடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்குச் செல்லாது. இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும் செல்லாது. ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடி, அதே கட்சியின் இலக்கங்களில் ஆகக் கூடியது மூன்று. இதை மாதிரி வாக்குச்சீட்டு வைத்து வீட்டில் ஒருமுறை காட்டிக்கொடுத்தாலே போதும்.

அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

மாகாண சபை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. 2017இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் புதிய கலப்பு முறையை வைத்தது, அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறைக்குத் திரும்பச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவரும் பலம் நாடாளுமன்றத்தில் 159 ஆசனம் வைத்திருக்கும் தேசிய மக்கள் சக்திக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் 80 ஆயிரம் வாக்கையும் வாங்கிக்கொண்ட கட்சி அது. அந்த 3 உறுப்பினர்களிடம் ஊர்க் கூட்டங்களில் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தேர்தலுக்கான திகதியைத்தான்.